கழுத்துப் பொன்

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கியபோது, பதினோராங்கட்டைத் தோட்டத்துப் பெண்களின் கழுத்தில் பொன் என்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. சங்கிலி, தோடு, மூக்குத்தி எல்லாம் பாலிங் டவுனுக்குப் போய், அரிசியாகவும் உப்பாகவும் மாறித் திரும்பி வந்து, வயிற்றுக்குள் இறங்கிவிட்டன. தாலிப் பொன்னையும் உருவி விற்றுவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டவர்கள் பாதிப் பேர். செல்லாயி மட்டும் விற்கவில்லை. உப்பில்லாமல் மூன்று நாள் கிழங்கு தின்றபோதும் விற்கவில்லை. அவளைக் கிறுக்கி என்று, கூலிக்காரர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் பேசினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். புருஷன் குழந்தைவேலுவைச் சித்திரை மாதம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சயாமில் ரயில் பாதை போட. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். ஏழு மாதமாகியும் ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பொட்டுத் தாலிதான்.

தோட்டமும் பழைய தோட்டமாக இல்லை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபிறகு ரப்பர்ப் பாலை வாங்க ஆளில்லை. கித்தா மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்து, லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றைத் தாண்டி இருந்த மேட்டுக் காடு முழுவதும் மரவள்ளி நட்டிருந்தார்கள். இருட்டோடு எழுந்து மரம் சீவிப் பழகிய கைகளுக்கு மண்வெட்டி பிடிபட ஒரு மாதம் ஆனது. பெண்கள் கோணிச்சாக்கைப் பிரித்து, இடுப்பில் சுற்றி, கிழங்குக் காட்டில் களை கொத்தினார்கள். மழையில் நனைந்த சாக்கு தொடையை அறுக்கும். அட்டை கடித்த இடத்தில் சிரங்கு வரும். வேலைக்குப் போனவருக்கு மட்டும்தான் அரிசி, அதுவும் பாதி நொய்யும் பாதி சுண்ணாம்புமாக. போகாத நாளைக்கு அதுவும் கிடையாது.

செல்லாயிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் நவமணிக்கு ஒன்பது வயது. அடுத்தவன் சின்னையாவுக்கு ஐந்து. கடைசி பரஞ்சோதி, அப்பன் லாரி ஏறியபோது தவழ்ந்துகொண்டிருந்தவன், இப்போது சுவரைப் பிடித்து நடந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்னையா எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள். உடம்பு இலேசாகத்தான் சுட்டது. கழுத்துதான் இரண்டு பக்கமும் புடைத்து, தாடையும் தோளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

மாலையில் அவள் மருதம்மாளைக் கூட்டி வந்து காட்டினாள். மருதம்மாளும் அவள் புருஷன் ராமையாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழங்குக் காட்டுக் காவல் கொட்டாயில் இருந்தார்கள். பன்றி இறங்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பிள்ளை இல்லாதவள். ஆனால் லயத்தில் எந்தப் பிள்ளைக்கு மாந்தமென்றாலும் கட்டியென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்பதுதான் இந்தக் கதையில் பெரிய சங்கடம்.

அவள் சின்னையாவின் தாடையை நிமிர்த்தி, பெருவிரலால் கழுத்தை அமுக்கினாள். பையன் முனகினான்.

"இது பொன்னுக்கு வீங்கிலா, செல்லாயி. பாத்தாலே தெரியலயா? இதுக்குப் போயி முகத்த இப்படி வச்சிருக்கியே!"

"நவமணிக்கு வந்தப்ப காதுக்குக் கீழதான வீங்குச்சுக்கா? இவனுக்குக் கழுத்து பூராவும் இல்ல இருக்கு?"

"பொம்பளப் புள்ளைக்கு ஒரு மாதிரி வரும், ஆம்பளப் பயலுக்கு ஒரு மாதிரி வரும். காச்ச இருக்கா?"

"பெருசா இல்ல."

"அப்பறமென்ன? காச்ச இல்லன்னா நல்லதுதான். கழுத்துல பொன்னு கெடந்தா மூணா நாளு வடிஞ்சிரும்."

"பொன்னுக்கு எங்கக்கா போறது? நவமணிக்குப் போட்ட சங்கிலி எப்பவோ அரிசியாப் போயிருச்சு. அழகம்மாகிட்ட ஒரு தோடு இருந்துச்சு, அதையும் போன மாசம் குடுத்துட்டா."

மருதம்மாள் செல்லாயியின் கழுத்தைப் பார்த்தாள். செல்லாயி சட்டென்று மாராப்பை இழுத்து மூடினாள்.

"அத மட்டும் கேக்காதக்கா."

"நானா கேக்குறேன்? ஒம்மவன் கழுத்து கேக்குது."

"அவரு எங்க கெடக்காரோ, எப்படிக் கெடக்காரோ. நானே என் கையால கழட்டுனா, அங்க அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? அப்பறம் நான் யாரப் போயிக் கேப்பேன்?"

"வித்துத் தின்ன எத்தன பேரு இந்த லயத்துல இருக்கா. அவ புருஷனெல்லாம் செத்தா போயிட்டான்?"

விற்றவர்களில் மூன்று பேருடைய புருஷன்மார் சயாமில் செத்துப்போனதாக வந்த பேச்சு இரண்டு பேருக்கும் தெரியும். மருதம்மாளும் சொன்னபிறகுதான் நினைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு," என்று குரலைத் தணித்துக்கொண்டாள். "மொதல்ல மஞ்சளக் கட்டிக்க. முடிச்சுப் போட்டப்பறம் இதக் கழட்டு. கழுத்து ஒரு நொடி வெறுமனே இருக்காது. மூணு நாளு. புள்ளைக்கு வடிஞ்சதும் எடுத்து நீ போட்டுக்க. பெத்த புள்ளைக்குத்தான குடுக்குற? தெய்வம் கோவிச்சுக்குமா?"

செல்லாயி மஞ்சள் கிழங்கை நாரில் கோத்துக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு தாலியைத் தலைவழியாகக் கழற்றி, கண்ணில் ஒற்றி, சின்னையாவின் கழுத்தில் போட்டாள். பெரிய ஆளுக்குக் கட்டிய கயிறு அவன் கழுத்தில் இரண்டு சுற்று வந்து, மிச்சம் பொட்டோடு நெஞ்சில் தொங்கியது. அவன் அதைத் தடவிப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அந்த நேரத்தில் சயாமில் எங்கோ ஒரு மண்மேட்டில் குழந்தைவேலு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதாக அவளுக்குத் தோன்றியது.

மருதம்மாள் கிளம்பும்போது வாசலில் திரும்பிக் கேட்டாள்.

"சின்னவன எங்க போட்டிருக்க?"

"நவமணி வச்சிருக்கா, சமையக்கட்டுல. ஒட்டிக்கும்னு இவன்கிட்ட விடல."

"தப்புலா அது. கூடவே படுக்கப் போடு. ஒரே பாய், ஒரே செரட்டை. எப்படியும் வரப் போறதுதான? பாலகனா இருக்கறப்பவே வந்து போயிரணும். ஆம்பளப் பய வளந்தப்பறம் வந்துச்சுன்னா வெதைக்கு எறங்கிரும், வம்சமே போயிரும். ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்து ஒண்ணா போவட்டும். உனக்கும் ரெண்டு தடவ வேல கெடாது."

"நவமணி?"

"அவளுக்குத்தான் வந்து போயிருச்சே. இனி அவளுக்கு வராது. அவ வெளிவேலயப் பாக்கட்டும்."

செல்லாயிக்கு இது நியாயமாகவே பட்டது. அவள் அம்மாவும் அப்படித்தான் செய்திருக்கிறாள். பரஞ்சோதியைத் தூக்கி வந்து அண்ணன் பக்கத்தில் விட்டாள். கோணிச்சாக்குப் போர்வை ஒன்றுதான் இருந்தது. அதையே இருவருக்கும் போர்த்தினாள். சின்னவன் அண்ணன் நெஞ்சில் மினுங்கியதைப் பிடித்து இழுத்து விளையாடினான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் காட்டலாமே என்று இன்று கேட்பது எளிது. பொன்னுக்கு வீங்கிக்கு டிரஸரிடம் போனவர் அந்தத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. இன்னொரு பயமும் இருந்தது. எங்கோ ஒரு தோட்டத்தில் ஒட்டுவாரொட்டி நோய் வந்ததும் ஜப்பான்காரன் லயத்தையே கொளுத்திவிட்டான் என்று ஒரு பேச்சு அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையோ பொய்யோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால் கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது.

மழை விடவில்லை. காலையில் செல்லாயி இருவருக்கும் கழுத்தில் களிமண்ணும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டுவிட்டு, ஊற வைத்த கிழங்கை மசித்துச் செரட்டையில் வைத்து, நவமணியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். சின்னையா இரண்டு வாய் விழுங்குவான், பிறகு தலையை ஆட்டுவான். நாள் முழுவதும் தாலிக் கயிற்றின் நுனியை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே கிடந்தான். தொண்டை வலிக்கு அது இதமாக இருந்ததோ என்னவோ. நவமணி பிடுங்கினால் அழுதான். அழுகை சத்தமே வராமல் காற்றாக வந்தது.

அவன் வாயில் ஒரு வாடை இருந்தது. அதைச் செல்லாயி கவனிக்காமல் இல்லை. ஆனால் கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் மூக்கு வேறு மாதிரி. புளித்த பால், ஊறிப்போன ஒட்டுப்பால், புகைவீடு என்று எப்போதும் ஏதாவதொன்று நாறிக்கொண்டேதான் இருக்கும். பழைய பால் ஸ்டோர் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் சின்னையாவின் வீக்கம் ஒரு விரற்கடை வடிந்தது. செல்லாயிக்குப் போன உயிர் திரும்பியது. அன்று மாலையே பரஞ்சோதியின் கழுத்து வீங்க ஆரம்பித்தது.

"நான் சொன்னேனா இல்லயா?" என்றாள் மருதம்மாள். ஒரு கைப்பிடி உப்பை இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கிருந்து வாங்கினாளோ. "மூத்தவனுக்கு எறங்குது, எளையவனுக்கு ஏறுது. ஞாயத்துக்கெழம பாரு, ரெண்டும் மண்ணுல வெளாடும்."

"சின்னவன் ராத்திரியெல்லாம் கொர்ருகொர்ருன்னு மூச்சு விடுறான்க்கா."

"சளி. மழக்காலமில்ல? பொன்ன மாத்திப் போடு."

செல்லாயி சின்னையாவின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றினாள். கயிற்றின் நுனி எச்சிலில் ஊறி, பல் பட்டுப் பட்டுப் பிசிறாகியிருந்தது. இடுப்புச் சாக்கில் துடைத்தாள். சின்னவன் கழுத்தில் மூன்று சுற்று வந்தது. பல் முளைக்கிற பிள்ளை. போட்ட கையோடு பொட்டை வாய்க்குக் கொண்டுபோனான்.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போக அவளுக்கு மனமே இல்லை. கங்காணி வாசலில் நின்று, "ரெண்டு ஆளு கொறைஞ்சா ஜப்பான்காரன் என்னையில்ல ஒதைப்பான்? மத்தியானம் விட்டுர்றேன், வா," என்றான். கொத்திய இடத்தையே மறுபடியும் மறுபடியும் கொத்திக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆற்றைத் தாண்டி வந்தபோது, லயத்துக்குள் நுழையும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஈர மரத்தை மெதுவாக அறுப்பதுபோல் இருந்தது.

நவமணி தம்பியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

"படுக்க வச்சா நீலமாப் போறான்மா. காலையிலேருந்து கீழ விடல. கை கடுக்குது."

ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குழி முதுகோடு ஒட்டுகிற மாதிரி உள்ளே போனது. செல்லாயி அவனைப் பிடுங்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடினாள். டிஸ்பென்சரி பங்களா மேட்டில், அரை மைல். வழுக்கி இரண்டு தடவை முழங்கால் மண்ணில் பட்டது. பிள்ளையை மட்டும் விடவில்லை.

டிரஸர் ஜெரார்ட் அலமாரிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அலமாரியில் காலிப் போத்தல்கள். ஒட்டுப்போட்ட சட்டைதான், ஆனாலும் வெளுத்து மடித்துப் போட்டிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து, ஒரு கரண்டிக் காம்பை எடுத்து, நாக்கை அமுக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினார். பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"எத்தன நாளாம்மா?"

"இவனுக்கு நேத்துலேருந்து சாமி. பெரியவனுக்குச் செவ்வாக்கெழம. பொன்னுக்கு வீங்கி."

"யாரு சொன்னா பொன்னுக்கு வீங்கின்னு?"

"கழுத்து வீங்கியிருக்கே..."

"வாயத் தொறந்து பாத்தியா? ஒருத்தராச்சும் பாத்தீங்களா?" அவர் குரல் உயர்ந்தது, உடனே உடைந்தது. "இங்க பாரு, உள்ள. சாம்பக் கலருல தோலு மூடியிருக்குது பாரு. இது தொண்ட அடைப்பான்மா. டிப்தீரியா. இந்தத் தோலு வளந்து மூச்சுக் கொழாய அடைக்கிது."

"ஊசி இருக்குமே சாமி? போடுங்க சாமி."

"இருந்துச்சு. வெள்ளக்காரன் காலத்துல இருந்துச்சு. டவுன் ஆஸ்பத்திரியிலயும் இப்ப இல்ல, ரெண்டு தடவ ஆள் அனுப்பிக் கேட்டுட்டேன்."

"அப்ப என்ன செய்வீங்க?"

அவர் தண்ணீர் சுட வைத்து ஆவி காட்டிப் பார்த்தார். பிள்ளையைக் குப்புறப் பிடித்துப் பார்த்தார். விரலைத் துணியில் சுற்றித் தொண்டைக்குள் விட்டும் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். மூன்று மணிச் சங்கு ஊதியபோது அந்த அறுக்கிற சத்தம் நின்றது. செல்லாயி முதலில், பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று நினைத்தாள்.

டிரஸர்தான் பிள்ளையின் கழுத்திலிருந்து தாலியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினார். அதை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு கார்பாலிக் தண்ணீரில் முழங்கை வரை கை கழுவினார்.

"அழுவுறதுக்கு அப்பறம் நேரம் இருக்குதும்மா. இப்ப நான் சொல்றதக் கேளு. வீட்டுல வேற யாரு?"

"பெரியவன்... பொம்பளப் புள்ள ஒண்ணு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. தனியாத்தான் படுத்தா."

"கர்த்தரு உனக்கு அது ஒண்ண மிச்சம் வச்சிருக்காரு. பெரியவன் நாலு நாளு தாண்டிட்டான், அவன் பொழைக்கிறதும் பொழைக்காததும் நம்ம கையில இல்ல. ஆனா அந்தப் பொம்பளப் புள்ள நம்ம கையில இருக்கு, வெளங்குதா? இன்னிக்கே அவள வெளிய கொண்டுபோ. பத்து நாளு. நீ கிட்டப் போகக்கூடாது. உன் மூச்சுகூட அவ மேல படக்கூடாது. இந்த நோய் எச்சில்ல இருக்கு. பயலுங்க படுத்த பாய், போத்துன துணி, தின்ன செரட்டை, வாயில வச்ச எதுவா இருந்தாலும் கொளுத்திரு. ஒண்ணு விடக்கூடாது. வெளங்குதா?"

"வெளங்குது சாமி."

குழந்தைவேலு திரும்பி வந்தால் கட்டிக்கொள்ள ஒரு வேட்டியைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். பரஞ்சோதியை அதில் சுற்றித்தான் புதைத்தார்கள். லயத்தில் யாரும் கிட்ட வரவில்லை. விஷயம் அதற்குள் பரவி, கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ராமையா ஒருவர்தான் குழி வெட்டினார். மருதம்மாள் ஆற்றங்கரையில் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தானேடி சொன்னேன், கூடப் படுக்கப் போடுன்னு. இந்த வாயிதானே சொல்லுச்சு. என்ன வெட்டிப் போடு செல்லாயி."

"அக்கா, எனக்கு இப்ப யாரையும் ஏசத் தெம்பில்ல. நவமணிய நீ வச்சுக்குறியா? ஒருத்தரும் சேக்க மாட்டாங்க."

"வச்சுக்குறியாவா? என் உசுர வச்சுப் பாத்துக்குவேன்டி." எழுந்து போய்ச் சுடுதண்ணீரில் குளித்து, சாக்கை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

செல்லாயி எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்தாள். பாய், சாக்குப் போர்வை, இரண்டு செரட்டை, அகப்பை, சின்னையா கடித்து விளையாடிய மரத்துண்டு, பரஞ்சோதியின் ஒரே சட்டை. அந்தச் சட்டையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிடலாம் என்று கை உயர்ந்தது. டிரஸர் சொன்னது நினைவுக்கு வந்து வீசிவிட்டாள். தான் உடுத்தியிருந்ததையும் போட்டுக் கொளுத்தினாள். ஈரத்தில் அது எரியவே நேரமானது. ஒவ்வொன்றாகக் குச்சியால் தள்ளித் தள்ளி, சாம்பலாகும்வரை நின்றாள். அவ்வளவு கவனமாக வேறு எந்த வேலையையும் அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் நவமணியை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். இருபது அடி தள்ளியே நடந்தாள். நவமணி கிட்ட வந்தால் இவள் பின்னால் நகர்ந்தாள்.

"எம்மேல கோவமாம்மா? தம்பிய நான் கீழ விடவே இல்லம்மா. சாமி சத்தியமா விடல."

"தெரியும்டி ஆத்தா. உம்மேல என்ன கோவம்? பத்து நாளு மருதம்மா அத்தகிட்ட இரு. நான் தெனம் சாயங்காலம் இந்தக் கரைக்கு வருவேன். நீ அந்தக் கரையில நில்லு. பேசிக்குவோம்."

"தம்பிய யாரு பாத்துக்குவா?"

"நான் பாத்துக்குறேன். வேலையாவது மண்ணாவது, அரிசி குடுக்காட்டிப் போவட்டும்."

ஒரு தட்டைக் கல்லின்மேல் செல்லாயி தாலியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மஞ்சள் தண்ணீரில் மூன்று தடவை அலசி, பூசைக் கல்லில் வைத்து எடுத்தது. கயிற்றை மாற்றலாம் என்றுதான் நினைத்தாள். மாற்றுவதற்கு அந்தத் தோட்டம் முழுவதும் தேடினாலும் ஒரு முழம் நூல் கிடையாது. அதனால் பிசிறைத் திரித்து, பொட்டுக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

"எடுத்துப் போட்டுக்க."

"உனக்கு வேணாமாம்மா?"

"எனக்கு மஞ்ச கெடக்குல்ல. பெரியவனுக்கு வடிஞ்சது இதாலதான்டி. சின்னவனுக்குத்தான் நான் போட லேட்டாயிருச்சு." ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். "உங்கப்பா இதுல இருக்காரு. நான் கூட வரமுடியல, அவரு வருவாரு. கழட்டாத. தொலைச்சிராத. என்ன வேல செஞ்சாலும் இதுமேல ஒரு கண்ணு இருக்கணும்."

நவமணி அதை எடுத்துக் கழுத்தில் போட்டு, கவுனுக்குள் விட்டுக்கொண்டாள். மருதம்மாள் அவள் கையைப் பிடித்து ஆற்றைக் கடந்தாள்.

அதன் பிறகு ஐந்து நாள். செல்லாயி கதவைச் சாத்திக்கொண்டு சின்னையாவோடு கிடந்தாள்; சொன்னபடி சாயங்காலம் கரைக்குப் போகக்கூட அவனை விட்டு நகர முடியவில்லை. மருதம்மாள் கல்லில் வைத்துவிட்டுப் போகும் கிழங்குதான் சாப்பாடு. மூன்றாம் நாள் அவன் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். டிரஸர் வந்து வாசலில் நின்றபடியே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். தோல் கழன்றுகொண்டிருக்கிறது, ஆட்டாமல் படுக்கவை என்றார். ஐந்தாம் நாள் பையன் மூக்கால் பேசினான். பசிக்கிறது என்றான். நொய்க்கஞ்சியைத் துளித்துளியாக ஊட்டினாள். ஒரு துளி திரும்பி வரவில்லை. அவளுக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் மார்பு வெடித்துவிடும்போல் இருந்தது.

அன்று மழை விட்டிருந்தது. ஆறு பழுப்பாக, நடுவில் மார்பளவு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் நவமணி பானையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"நவமணீ! தம்பி கஞ்சி குடிச்சிட்டான்டீ! பசிக்கிதுன்னு அவனே கேட்டான்டீ!"

நவமணி குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிக் கையை ஆட்டினாள். பதில் சொல்லவில்லை. பானை நிறைகிறவரை வாயை இறுக்கி மூடியிருந்தாள். உதட்டோரத்தில் மஞ்சள் கயிறு இரண்டு பக்கமும் தொங்கியது.

"வாயில என்னடி?"

பானையைக் கரையில் தூக்கி வைத்துவிட்டு, நவமணி வாயிலிருந்து பொட்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள். ஈரத்தில் அது பளபளத்தது.

"தாலிம்மா! குனிஞ்சா தண்ணியில விழுந்துருமுல்ல? அதான் பல்லுல கடிச்சுக்குவேன். கெழங்கு தோண்டுறப்பவும் இப்படித்தான். மொத நாளுலேருந்து. பத்திரமா வச்சிருக்கேம்மா."

அவள் குரல் கம்மியிருந்தது. ஆற்றுச் சத்தத்தில் அப்படிக் கேட்கிறது என்று செல்லாயி நினைக்கப் பார்த்தாள்.

"சத்தமாப் பேசுடி!"

"சத்தமாத்தாம்மா பேசுறேன். தொண்ட கட்டிக்கிச்சு. காலையிலேருந்து."

பாய், போர்வை, செரட்டை, அகப்பை, மரத்துண்டு, சட்டை என்று செல்லாயியின் மனம் தானாக எண்ணிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் எரித்திருந்தாள். இரண்டு தம்பிகளும் நாள் முழுவதும் வாயில் வைத்துக் கடித்த ஒன்றை மட்டும் எரிக்கவில்லை. அதை அவள் ஒரு பொருளாகவே நினைக்கவில்லை. டிரஸரும் நினைக்கவில்லை. கழுவித் துடைத்துத் தன் கையாலேயே கொடுத்தனுப்பியிருந்தாள்.

அவள் தண்ணீரில் இறங்கினாள்.

"வராத செல்லாயி!" காட்டிலிருந்து மருதம்மாள் ஓடிவந்து கத்தினாள். "இன்னும் பத்து நாளு ஆவல! டிரஸரய்யா என்ன சொன்னாரு? புள்ளைக்கு ஒட்டிக்கும்டி, போ அந்தப் பக்கம்!"

நவமணியும் பயந்துபோய் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, பொட்டை மறுபடியும் வாயில் கவ்விக்கொண்டு, வராதே என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். செல்லாயி நடு ஆற்றுக்கு வந்துவிட்டாள். தண்ணீர் மார்பு வரை ஏறியது. அவள் நிற்கவில்லை.